எங்க கம்ப்யூட்டர்ல நல்லா தெரிஞ்சுதே, டீச்சர்

ஒரு பள்ளிப் பிள்ளைகள் செய்த தளத்தை இன்னொரு பள்ளிப் பிள்ளைகளே மதிப்பிடும் போட்டி ஒன்றுக்காக, கழுகுமலையைப் பற்றி எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு வலைத்தளம் செய்திருந்தார்கள். வெட்டுவான் கோயில், சமணச் சிற்பங்கள், மலைக்கு ஏறும் பாதை, எல்லாமே அவர்களே சைக்கிளில் போய் எடுத்த படங்கள். அந்தத் தளத்தைப் பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கணினியில் திறந்தபோது, முதல் பக்கத்தில் பேருக்குக்கூட ஒரு தமிழ் எழுத்து இல்லை. 'தமிழ்' என்று வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினியில் தட்டியவர்களுக்கு இது என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது, அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். தட்டச்சு செய்ய நேரமில்லை என்று டிடிபி சென்டரில் கொடுத்து வாங்கி, அதை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் பாமினி எழுத்துரு இருந்ததால் எல்லாம் அழகாகத் தெரிந்தது. அங்கே அது இல்லை.

மதிப்பிட வந்த பிள்ளை தாளில் எழுதியது ஒரே வரி: "என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று படிக்க முடியவில்லை, படங்கள் மட்டும் ரொம்ப நன்றாக இருக்கின்றன."

எங்கள் பையன் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "எங்க கம்ப்யூட்டர்ல நல்லா தெரிஞ்சுதே, டீச்சர்" என்றான். குரல் கம்மிப்போயிருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஓர் எண்ணைக் கொடுக்கும் யூனிகோடு முறை பற்றி நான் அவனுக்கு வகுப்பில் நடத்தியிருக்கிறேன், தேர்வில் கேட்டு அவன் சரியாக எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறான். ஆனால் ஒரு எழுத்து எல்லாக் கணினியிலும் அதே எழுத்தாக இருக்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்பது அவனுக்கு அந்தச் சனிக்கிழமை காலைதான், தன்னைப் போலவே பதினாறு வயதுள்ள ஒரு பிள்ளையின் கையெழுத்தில், புரிந்தது. நான் ஒரு வருஷம் நடத்தியும் நடக்காத ஒன்று அது. அன்றிலிருந்து பிள்ளைகள் ஒருவர் வேலையை ஒருவர் மதிப்பிடுவதைப் பற்றி யார் பேசினாலும் நான் உட்கார்ந்து கேட்கிறேன், எனக்கும் சொல்ல நிறைய இருக்கிறது.

கோவில்பட்டியைச் சுற்றி நான்கு பள்ளிகள் சேர்ந்து நடத்திய சின்னப் போட்டி அது. 2018இல் புதிய பாடத்திட்டம் வந்து, பதினொன்றாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் எல்லாம் தனித்தனி அத்தியாயமாக வந்தன. பாடம் வந்துவிட்டது, செய்து பார்க்க ஒரு காரணம் வேண்டுமே என்று நாலு பள்ளிக் கணினி ஆசிரியர்கள் பேசிக்கொண்டோம். உங்கள் ஊரைப் பற்றி ஒரு தளம் செய்யுங்கள், மூன்று பேர் ஒரு அணி, எட்டாம் வகுப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று அறிவித்தோம்.

யோசனை எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் குளோபல் ஸ்கூல்நெட் என்ற அமைப்பு 1996இல் சைபர்ஃபேர் என்று ஒன்றைத் தொடங்கியது. பல நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தளம் செய்து அனுப்புவார்கள். உள்ளூர்த் தலைவர்கள், உள்ளூர்ச் சிறப்புகள், வரலாற்றுச் சின்னங்கள், சுற்றுச்சூழல், இசையும் கலையும் என்று மொத்தம் எட்டுப் பிரிவுகள். அனுப்பியதோடு வேலை முடியாது, மற்ற பள்ளிகள் செய்த தளங்களையும் அந்தப் பிள்ளைகளே மதிப்பிட்டாக வேண்டும், தங்கள் தளம் எப்படி உருவானது என்ற கதையையும் எழுதித் தர வேண்டும். அதே 1996இல் தொடங்கி, பின்னால் ஆரக்கிள் கல்வி அறக்கட்டளை நடத்திய திங்க்குவெஸ்ட் போட்டியும் இருந்தது. அது 2013இல் மூடப்பட்டபோது பிள்ளைகள் செய்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான தளங்களும் அதோடு போய்விட்டன, எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. சரி, அது தனிக் கதை.

சைபர்ஃபேரில் என்னைப் பிடித்து இழுத்தது அந்த நிபந்தனைதான். நீ அடுத்தவருடையதைப் பார்க்காவிட்டால் உன்னுடையதும் போட்டியில் இல்லை. நம் ஊரில் போட்டி என்றால் மூன்று நடுவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளைகள் பின்னால் நின்றுகொண்டு முடிவுக்குக் காத்திருப்பார்கள். அடுத்த பள்ளிக்காரன் என்ன செய்தான் என்பது கடைசிவரை தெரியாது, பரிசு வாங்கியவன் ஏன் வாங்கினான் என்பதும் தெரியாது.

முதல் வருஷம் நாங்கள் செய்தது சரியில்லை. உள்ளடக்கம், வடிவமைப்பு, மொழி, தொழில்நுட்பம், புதுமை என்று ஐந்து கட்டம் போட்டு ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் என்று ஒரு தாளைக் கொடுத்தோம். சொந்தப் பள்ளி அணிகளையும் மதிப்பிடலாம் என்று விட்டுவிட்டோம். தாள்கள் திரும்பி வந்தன. தன் பள்ளி அணிக்கு எல்லாக் கட்டத்திலும் ஒன்பது, பத்து. மற்றவர்களுக்கு ஏழு, எட்டு. எழுத்து தெரியாத தளத்துக்கும் மொழியில் எட்டு! பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், தாள் அப்படித்தான் கேட்டது. ஒரு எண்ணைக் கேட்டால் எண்தான் வரும், அதுவும் யாருடைய மனமும் நோகாத எண்ணாக வரும்.

நோகடித்ததும் ஒன்று இருந்தது. ஒரு பையன் தீப்பெட்டித் தொழிலைப் பற்றிச் செய்திருந்தான். சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று 1923இல் திரும்பி வந்து தொடங்கியதிலிருந்து எழுதியிருந்தான். அவனுடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர். அம்மாவின் கை குச்சி அடுக்குவதை மட்டும் வரிசையாக எட்டுப் படம் எடுத்துப் போட்டிருந்தான், முகம் எதிலும் இல்லை. அவனுக்கு வந்த தாள் ஒன்றில் ஐந்து கட்டத்திலும் ஐந்து, கீழே 'சுமார்' என்று ஒரு வார்த்தை. அவன் அழவும் இல்லை, சண்டைக்குப் போகவும் இல்லை. அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மத்தியானம் சாப்பிடும்போதும் எடுத்து ஒருமுறை பார்த்தான். எது சுமார்? படமா, எழுத்தா, அம்மா செய்யும் வேலையா? அவன் எதைத் திருத்துவான்? அந்த வார்த்தையை எழுதிய பிள்ளைக்கும் அது தெரியாது. அந்தத் தாளுக்கு நாங்கள்தான் பொறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் கோடை விடுமுறையில்தான் இதைப் பற்றி ஏற்கெனவே யாராவது யோசித்திருப்பார்களே என்று தேடிப் படித்தேன். நிறைய இருந்தது, பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. நான்சி ஃபால்ச்சிகோவ், ஜூடி கோல்ட்ஃபிஞ்ச் என்ற இருவர் 48 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2000இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் ஒருவருக்கொருவர் போடும் மதிப்பெண்ணும் ஆசிரியர் போடும் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்ததில், ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.69 வந்திருக்கிறது, முழுக்க ஒத்துப்போனால் அது 1. பிள்ளைகளை நம்பலாம் என்று சொல்லும் அளவுக்கு அது நல்ல எண்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று: இதற்கு மூன்று, அதற்கு நாலு என்று துண்டு துண்டாகப் போடச் சொல்லும்போது அந்த ஒப்புமை குறைகிறது, என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டு மொத்தமாக ஒரு தீர்மானம் சொல்லச் சொன்னால் கூடுகிறது. எங்கள் ஐந்து கட்டத் தாள் அதற்கு நேர் எதிர்.

இன்னொன்று, அப்போது ஸ்டான்ஃபோர்டு பேராசிரியராக இருந்த ஸ்காட் கிளெம்மர் 2012இல் கோர்செரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்திய மனித-கணினி ஊடாட்டப் பாடத்தைப் பற்றியது. பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படித்ததால், மாணவர்களே ஒருவரையொருவர் மதிப்பிட வேண்டிய நிலை. அங்கேயும் தன் நாட்டுக்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போடும் பழக்கம் தென்பட்டிருக்கிறது. படித்தபோது எங்கள் நாலு பள்ளியும் கண்முன் வந்தன. அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். அடுத்தவர் வேலையைத் தொடுமுன், பாடக் குழுவினர் ஏற்கெனவே மதிப்பிட்டு வைத்திருந்த ஒரு மாதிரியை முதலில் மதிப்பிட்டுப் பார்க்க வேண்டும், தன் கண் எங்கே பிசகுகிறது என்று தெரிந்த பிறகுதான் மற்றது.

இரண்டாம் வருஷம் இதையெல்லாம் வைத்து மாற்றினோம். முதல் காரியம், மதிப்பெண்ணை எடுத்துவிட்டோம். சொந்தப் பள்ளி அணியைப் பார்க்கக் கூடாது. ஒரு அணி வேறு பள்ளிகளின் மூன்று தளங்களைப் பார்க்கும், ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம். தளத்தைச் செய்தவர்களின் கணினியில் பார்க்கவே கூடாது. தாளில் மூன்று கேள்விதான். இந்தத் தளத்தில் எதைத் தெரிந்துகொள்ள முயன்றீர்கள், தெரிந்ததா? எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள்? உங்கள் தளத்துக்கு இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்? 'நன்று', 'சுமார்' போன்ற சொல்லைத் தனியாக எழுதக் கூடாது, எந்தப் பக்கம், எந்த இடம் என்று சொல்ல வேண்டும். எழுதுகிறவர் பெயர் தாளில் இருக்கும். பெயர் வேண்டாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னார், நான் விடாப்பிடியாக நின்றேன். பெயர் போட்டால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றார், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கவனமாக எழுதினார்கள்.

மாதிரித் தளம் ஒன்றை நானே இரண்டு இரவு உட்கார்ந்து செய்தேன், வேண்டுமென்றே பிழைகளோடு. ஒரு படத்தின் முகவரியை டி டிரைவ் என்று கொடுத்தேன், அது என் கணினியைத் தவிர எங்கும் வராது. இன்னொரு படக் கோப்பின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேமித்து, உள்ளே சிறிய எழுத்தில் அழைத்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் அங்கே இது ஓடிவிடும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு பெயர். அரசு கொடுத்த மடிக்கணினியில் பாஸ் லினக்ஸை ஏற்றி, கோப்புகளை அதற்குள் நகலெடுத்துத் திறந்தால் படம் இருக்காது. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் கலந்த ஆரஞ்சு எழுத்தும் ஒரு பக்கத்தில் வைத்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 என்று இருக்க வேண்டும் என, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டுதல்கள் 2008இலேயே சொல்லிவிட்டன. அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு எட்டாம் வகுப்புப் பையன் என்ன செய்தான் தெரியுமா, என் கைபேசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மைதானத்து வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்து, "வெளிய ஒண்ணுமே தெரியல டீச்சர், எங்க ஆச்சி வெயில்லதான் உக்காந்து போன் பாக்கும்" என்றான். அதற்கப்புறம் எல்லா அணியும் வேப்பமரத்தடிக்கு வெளியே போய் வெயிலில் நின்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மதிப்பீட்டு நாள். ஆய்வகத்தில் அவ்வளவு பிள்ளைகள் இருந்தும் சத்தம் குறைவாக இருந்தது, விசைப்பலகை தட்டும் சத்தமும் "இங்க பாரேன்" என்று கிசுகிசுப்பதும்தான். ஒரு தளத்தில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1779 என்று இருந்தது. மதிப்பிட வந்த மூன்று பேருக்கும் அது 1799 என்று தெரியும். பிழை என்று எழுதியதோடு விட்டிருக்கலாம். அவர்கள் மேலே துழாவி, அதே பக்கத்தில் இன்னொரு பத்தியில் 1799 என்று சரியாக இருப்பதைக் கண்டுபிடித்து, "முதல் பத்தியை வேறு இடத்திலிருந்து எடுத்தீர்களா? இரண்டு பத்தியின் நடையும் வேறுவேறாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு தட்டச்சுப் பிழையிலிருந்து எங்கே போயிருக்கிறார்கள் பாருங்கள்.

அன்று மதியம் நடந்ததுதான் நான் எதிர்பாராதது. சாப்பாட்டு இடைவேளையில் பாதிப் பிள்ளைகள் சாப்பிடப் போகவில்லை. அவரவர் சொந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படத்தின் முகவரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தளத்தை மதிப்பிட்ட தாள்கள் இன்னும் அவர்கள் கைக்கே வரவில்லை! அடுத்தவருடையதில் டி டிரைவைப் பார்த்தவுடன் தன்னுடையதிலும் இருக்குமோ என்று ஓடியிருக்கிறார்கள். கிறிஸ்டி லண்ட்ஸ்ட்ரம், வெண்டி பேக்கர் என்ற இருவர் 2009இல் இதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதப் பழகும் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு அடுத்தவர் எழுத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலை மட்டும், மற்றவர்களுக்குப் பெற்ற கருத்தை வைத்துத் திருத்தும் வேலை மட்டும். கடைசியில் கருத்துச் சொன்னவர்களின் எழுத்துதான் கூடுதலாக மேம்பட்டிருந்தது. படித்தபோது நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆறிப்போன தயிர்சாத டப்பாக்களுக்கு நடுவில் அதை நேரிலேயே பார்த்தேன்.

தீப்பெட்டிப் பையன் அந்த வருஷமும் வந்திருந்தான், அதே தளத்தை விரிவாக்கி. இந்த முறை அவனுக்கு வந்த தாளில், "நாலாவது படத்திலும் ஐந்தாவது படத்திலும் கை என்ன செய்கிறது என்று புரியவில்லை, கீழே ஒரு வரி எழுதினால் புரியும்" என்று இருந்தது. அவன் எட்டுப் படத்துக்கும் எழுதினான். அம்மாவிடம் கேட்டு, அம்மா சொன்ன சொற்களிலேயே எழுதினான். கடலைமிட்டாய் பற்றிச் செய்த அணிக்கு யாரோ "ஏன் கோவில்பட்டி மிட்டாய் மட்டும் பேர் வாங்கியது?" என்று கேட்டிருந்தார்கள். அந்த வருஷம் ஏப்ரலில் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், ஊரடங்கில் வீட்டில் இருந்தபடியே அந்தப் பெண் பக்கத்தைப் புதுப்பித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். போட்டி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இதைக் கடைசியாகச் சொல்கிறேன். முதல் வருஷம் முதல் பரிசு வாங்கிய தளம் மிகப் பளபளப்பானது, சுட்டியை வைத்தால் விரியும் மெனு, தானாக நகரும் படங்கள். அது பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துச் செய்தது என்று பிள்ளைகளுக்குள் பேச்சு இருந்தது. நடுவர்களாக இருந்த பெரியவர்கள் யாருமே கேட்கவில்லை, அதில் நானும் ஒருத்தி. சந்தேகம் வந்தும் கேட்கவில்லை. ஒரு பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்தித் திருடன் மாதிரி கேட்க எனக்கு மனம் வரவில்லை, வேறு விதமாகக் கேட்கவும் அப்போது தெரியவில்லை.

இரண்டாம் வருஷமும் வேறொரு பள்ளியிலிருந்து அப்படி ஒரு தளம் வந்தது. எட்டயபுரம் பற்றியது, பாரதி பிறந்த வீடு, அரண்மனை, உமறுப் புலவர் அடக்கமான இடம். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர். மெனுவைப் பார்த்தவுடனே எனக்குச் சுருக்கென்றது. அதை மதிப்பிட விழுந்தது ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் இருவரும் ஒரு பையனும் இருந்த அணிக்கு. முக்கால் மணி நேரமும் அவர்கள் பின்னாலேயே போய் நிற்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர்கள் நிரலைத் திறந்து பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எதையோ எழுதி அடித்தார்கள், மறுபடி எழுதினார்கள்.

சாயங்காலம் தாளைப் படித்தேன். முதல் கேள்விக்கு, உமறுப் புலவரைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டோம் என்று நாலு வரி. இரண்டாவதற்கு, பாரதி வீட்டுப் பக்கம் திறக்க நேரமாகிறது, படங்கள் பெரிய அளவில் இருக்கின்றன. மூன்றாவதற்கு: "அண்ணா, இந்த மெனு ரொம்ப நல்லா இருக்கிறது. எங்கள் தளத்திலும் இப்படி வைக்க ஆசை. இதை எப்படிச் செய்தீர்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தர முடியுமா?"

அடித்திருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் படிக்க முடிந்தது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

தாளை வாங்கிக்கொண்டு திருத்துவதற்கு இரண்டு வாரம் கொடுத்திருந்தோம், அதற்குப் பிறகுதான் நடுவர்கள். இரண்டு வாரம் கழித்து எட்டயபுரத் தளத்தைத் திறந்தேன். விரியும் மெனு இல்லை. இடது பக்கம் ஒன்றின்கீழ் ஒன்றாக, நீல நிறத்தில் அடிக்கோடிட்ட ஐந்து இணைப்புகள், புத்தகத்தில் இருப்பது போலவே. பாரதி வீட்டுப் படங்கள் சின்னதாகி, பக்கம் உடனே திறந்தது. எதை மாற்றினோம் என்று எழுதித் தர வேண்டிய குறிப்பில் இப்படி இருந்தது: "மெனுவை நாங்களே திரும்பச் செய்திருக்கிறோம். முந்தியது எங்களில் ஒருவனுடைய மாமா செய்து கொடுத்தது. அவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு சொல்கிறோம், இப்போதைக்கு எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

நான் அந்த ஐந்து இணைப்பையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஐந்தும் திறந்தன.